ஐம்பத்தொன்றாம் பக்கம்

குடை ஒரு படி மேலே ஏறியிருந்தது.

சித்ரலேகா புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள். ஐம்பத்தொன்றாம் பக்கத்தின் வலது ஓரத்தில், அச்சுக்கும் தாள் விளிம்புக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில், பென்சிலால் போட்ட சின்னக் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நேற்று நான்கு இருந்தன. மீன், ஏணி, நட்சத்திரம், கடைசியில் குடை. இன்று மூன்றுதான். மீனைக் காணோம். அழித்த தடமும் இல்லை. ஏணி முதலிடத்துக்கு வந்திருந்தது, அதன்கீழ் நட்சத்திரம், அதன்கீழ் குடை. டாக்டர் வீட்டு வாசலில் ஒரு ஆள் உள்ளே போனதும் மற்றவர்கள் ஓரடி முன்னால் நகர்ந்துகொள்வார்களே, அப்படி நகர்ந்திருந்தன.

குடை அவள் தங்கை விஜயஸ்ரீயின் குறி.

திருநெல்வேலி ஜங்ஷனில் வேதநாயகம் அண்ணாச்சி நடத்தும் லெண்டிங் லைப்ரரியில் புத்தகம் எடுக்கிற யாருக்கும் இந்தக் குறிகள் புதிதல்ல. அங்கே பாதிப் புத்தகங்களுக்கு அட்டை கிடையாது, முன்பக்கங்கள் கிடையாது, பழுப்பு அட்டை போட்டுத் தைத்து வைத்திருப்பார். வீட்டுக்குக் கொண்டுபோய் இருபது பக்கம் படித்த பிறகுதான், அடடா, இதைப் போன வருஷமே படித்தாயிற்றே என்று உறைக்கும். அதனால் படித்து முடித்தவர்கள் ஆளுக்கொரு அடையாளம் போட்டு வைப்பார்கள். ஆரம்பத்தில் மனம்போன பக்கத்தில் எல்லாம் கிறுக்கினார்கள். அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்: எந்தப் புத்தகமானாலும் குறி ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும். அன்றிலிருந்து அவர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் ஐம்பத்தொன்றைப் புரட்டித் தங்கள் குறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் குடியிருக்கும் தச்சநல்லூரில் மீன் என்றால் கோமு டீச்சர் என்று எல்லோருக்கும் தெரியும். சித்ரலேகாவின் குறி முக்கோணம். இந்தப் புத்தகத்தை அவள் இன்னும் முடிக்கவில்லை, அதனால் போடவில்லை.

"ஏட்டி விஜி, ரப்பர் வச்சு இதுல எதையும் அழிச்சியா?"

விஜயஸ்ரீ அடுக்களையிலிருந்து காபியோடு வந்தாள். "நான் என்னத்துக்கு அழிக்கேன்? நீ எத்தனாவது பக்கத்துல இருக்க? நம்ம ஊரு வந்துட்டா?"

"வந்துட்டு. மீன் எங்கட்டி போச்சு?"

"ஆத்துக்குப் போயிருக்கும்."

சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். இருபத்திரண்டு வயதாகியும் அவளுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை. சித்ரலேகாவும் சிரித்தாள். டம்ளரை வாங்கும்போதுதான் தங்கையின் விரல்களைக் கவனித்தாள். பத்து நகங்களின் அடியிலும் கறுப்பாக ஏதோ அடைந்திருந்தது. விறகடுப்பு வீட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆயிற்று. "ஸ்டவ்வத் துடச்சியா?" என்று கேட்டாள். "இல்லையே," என்றாள் விஜி.

அது வியாழக்கிழமை. தொண்ணூற்றாறாம் வருஷம், ஆனி மாதம். மலைப்பக்கமிருந்து காற்று வந்து தெருவின் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா பிரம்மநாயகி சேரன்மகாதேவியில் மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறதென்று போய் ஒரு வாரமாகிறது. அப்பா இறந்தபோது விஜிக்கு ஒன்பது வயது. அப்பாவின் வேலை சித்ரலேகாவுக்கு வந்தது, அதோடு விஜியும் வந்தாள். அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கல்லூரி அனுப்பி, காய்ச்சலுக்கு விழித்திருந்து வளர்த்ததில் சித்ரலேகா தன் கல்யாணத்தை மறந்துபோனாள். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. விஜிக்கு ஒன்று என்றால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும், அவ்வளவுதான் விஷயம்.

புத்தகம் ஆங்கில நாவல். தலைப்பும் எழுதியவர் பெயரும் முன்பக்கங்களோடு போயிருந்தன. விக்டோரியா மகாராணியின் காலத்தில் நடக்கிற கதை, ஆனால் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலம் இல்லை. அந்த உலகத்தில் எல்லாவற்றையும் நீராவி பிடித்துக்கொண்டுவிட்டது. லண்டன் வானத்தில் ஆகாயக் கப்பல்கள் புகை கக்கிக்கொண்டு போகும். பித்தளையில் செய்த குமாஸ்தாக்கள் மேஜை முன்னால் உட்கார்ந்து கடிதம் எழுதுவார்கள். உயரத் தொப்பி போட்ட பிரபுக்கள் இரும்புக் குதிரைகளில் ஏறி விருந்துக்குப் போவார்கள். நாலாவது அத்தியாயத்தில் கதை திடீரென்று திருநெல்வேலிக்கு வரும். சாம்ராஜ்யத்திலேயே பெரிய எந்திரம் பாவநாசத்து மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. எந்தக் கப்பல் எந்தக் கடலில் போக வேண்டும், எந்தத் தேசத்தோடு சண்டை போட வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் யோசித்துத் தந்தியில் சொல்லும். அது யோசிப்பதற்குத் தாமிரபரணி முழுவதையும் ஆவியாக்கிக் குடிக்க வேண்டும். மலைக்குக் கீழே ஆறு கிடையாது. ஆழ்வார்திருநகரி வரை வெறும் மணல்தான்.

தன் ஊரை ஒரு வெள்ளைக்காரனின் நாவலில் பார்த்த சந்தோஷம் சித்ரலேகாவுக்கு இரண்டு அத்தியாயம்தான் நீடித்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிரபுவின் தொப்பிக்கு ஒரு பக்கம், பிரபு மகளின் கையுறைக்கு ஒரு பக்கம். எந்திரத்துக்குக் கரி அள்ளிப் போடுகிற ஆயிரம் பேருக்கு அரைப் பக்கம், அதிலும் ஒருவருக்கும் பெயர் இல்லை. அவள் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர், ஊழியர் சங்கத்தின் செயலாளர். பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுப் பதினோரு நாள் அலுவலக வாசலில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தவள். பெயரில்லாமல் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் படித்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த அரைப் பக்கம் இருந்தது ஐம்பத்தொன்றில்தான்.

கங்காணிகள் ஊர் ஊராகப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எழுதத் தெரியாத சனங்கள் ஓரத்தில் ஒரு குறி வைப்பார்கள். கட்டாயப்படுத்தி ஒருவரையும் எடுப்பதில்லை என்று நாவல்காரன் எழுதியிருந்தான், அதில் அவனுக்கு ஒரு பெருமை. தன் கையால் குறி வைத்தவர் மட்டுமே அழைக்கப்படுவர். தினம் நான்கு மணிச் சங்குக்கு ஒருவர். எதிரே ஐம்பதாம் பக்கம் முழுவதும் ஒரு கறுப்புப் படம், கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்தது. வாய் திறந்த உலை. அதன் முன்னால் அரைக்கச்சையோடு சவலில் கரி அள்ளுகிற ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள், சுரங்கத்தின் ஆழத்தில் கடுகுப் புள்ளிகளாகும் வரை ஆட்கள்.

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். அறைக்குள் மெலிதாகக் கரி மணம் வந்தது. ரயில்வே கேட் பக்கத்தில்தான் வீடு, சின்ன வயசில் கரி எஞ்சின் போகும்போது இதே மணம் வரும். ஆனால் கரி எஞ்சின்கள் போய்விட்டன.

மறுநாள் மாலை அலுவலகம் விட்டு வரும் வழியில் லைப்ரரிக்குள் நுழைந்தாள். வேதநாயகம் வழக்கமாக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர், அன்றைக்குச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, கோமு டீச்சர் அந்த இங்கிலீஷ் நாவலப் படிச்சாங்களா? மீன் போட்டிருந்துச்சு, இப்பக் காணோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சரையே காணோமாம்மா. நேத்து நாலு மணிக்கு அடுப்புல பாலு வச்சிட்டு நின்னிருக்கா. பாலு பொங்கிக் கிடக்கு, ஆளு இல்ல. செருப்பு வாசல்ல கிடக்கு."

"ஏணி யாருது?"

"பேங்க் நடராஜ் சார். ஏன் கேக்க?"

அவள் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தாள். அன்று காலை ஏணி இருந்தது. இப்போது ஏணி இல்லை. நட்சத்திரமும் குடையும்தான் நின்றன. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை.

வேதநாயகம் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அரைமணி முந்தித்தான் பேங்க்ல இருந்து போன் வந்துச்சு. நடராஜ் சார் இங்கன வந்தாரான்னு. கவுண்டர்ல ஆளு நிக்குது, இவரு எந்திரிச்சுப் போயிருக்காரு. பேனா மூடிகூடப் போடல."

"இது எங்கருந்து வந்துச்சு உங்களுக்கு?"

"மலைமேல ஒரு பழைய பங்களாவக் காலி பண்ணாங்கம்மா. சாக்குல கட்டி எடைக்கு எடுத்தேன். நான் இங்கிலீசு படிக்க மாட்டேன்லா, தச்சு அடுக்குனதோட சரி."

"இங்கனயே வச்சிட்டுப் போகட்டுமா?"

"வேண்டாம் தாயி," என்றார். புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "நட்சத்திரம் என் மருமவன். எத்தன பக்கம் படிச்சானோ, குறி மட்டும் போட்டிருக்கான்."

அவள் படத்தைப் பார்த்தாள். பார்க்க வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்லப் பார்த்தாள். உலைக்கு வெகு அருகில், அரைக்கச்சைக்காரர்களுக்கு நடுவில், கண்ணாடி போட்ட ஒரு பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சவலோடு குனிந்திருந்தாள். செதுக்கின கோடுகள்தான், மற்ற எல்லோரையும் போலத்தான். காதோரத்தில் கோமு டீச்சரின் மரு தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் ஒருவர். சட்டைப் பையில் மூடியில்லாத பேனா.

வீட்டுக்கு ஓடினாள். தச்சநல்லூர் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் ஆட்டோ பிடித்தாள். விஜி வீட்டில் இருந்தாள். கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சித்ரலேகாவுக்கு அழுகை முட்டியது, நிம்மதியில். பிறகு பார்த்தாள். தூக்கத்தில் விஜியின் வலது கை தாழ்ந்தது, எதையோ அள்ளியது, தோளுக்கு மேலே தூக்கி வீசியது. மறுபடியும் தாழ்ந்தது. இடைவெளி விடாமல், ஒரே தாளத்தில். கட்டிலின் நாலு காலும் அந்தத் தாளத்துக்குக் கிரீச்சிட்டன.

"விஜி! ஏட்டி, எந்திரி!"

"அக்கா, தண்ணி," என்றாள். ஒரு குடம் குடித்தாள். வழித்துக் குடித்தாள்.

சனிக்கிழமை காலை டாக்டரிடம் கூட்டிப் போனாள். உடம்பு சூடாக இருக்கிறது, தெர்மாமீட்டரில் ஏறவில்லை, வைட்டமின் டானிக் குடிக்கட்டும் என்றார் அவர். வீட்டுக்கு வந்து விஜி வாய் கொப்பளித்ததும் வாஷ்பேசின் கறுத்தது. சித்ரலேகா குழாயைத் திறந்துவிட்டு அந்தக் கறுப்பு ஓடி மறையும் வரை நின்றாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பயந்த முகம். அவளுக்குத் தன்மீதே கோபம் வந்தது. பதினோரு நாள் வாசலில் உட்கார்ந்தபோது போலீஸ் வந்தது, அதிகாரி வந்தார், மாற்றல் உத்தரவு வந்தது, அப்போதெல்லாம் வராத முகம் இப்போது ஒரு புத்தகத்துக்கா வர வேண்டும்?

ரப்பர் எடுத்துக் குடையை அழித்தாள். தூள் பறந்தது. ஊதினாள். குடை அங்கேயே இருந்தது. இன்னும் அழுத்தி அழித்தாள். தாள் நைந்தது, குடை நையவில்லை.

சரி, பக்கத்தையே கிழித்துவிடலாம். கீழ் முனையைப் பிடித்து ஒரு விரல்கடை அளவு கிழித்தாள். உள்ளறையில் விஜி அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் இடது காலின் சுண்டுவிரலிலிருந்து கணுக்கால் வரை தோல் ஒரு கோடாகப் பிரிந்து ரத்தம் நின்றிருந்தது. சித்ரலேகா கட்டுப் போட்டாள்.

நான்கு மணிக்குச் சங்கு கேட்டது. பக்கத்தில் ஆலை எதுவும் கிடையாது. மேற்கே மலைப்பக்கமிருந்து, காற்றோடு, தொலைவில், ஆனால் தரைக்கு அடியிலும். அடுக்களையில் பாத்திரங்கள் ஒன்றையொன்று தொட்டுச் சிலிர்த்தன. அவள் புத்தகத்தைத் திறந்தாள். நட்சத்திரம் இல்லை.

குடை முதலிடத்தில் நின்றது. அதற்கு மேலே வெறும் தாள்.

லைப்ரரிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து நாவலை விடாமல் படித்தாள். விஜியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளது இடது மணிக்கட்டையும் தன் இடது மணிக்கட்டையும் ஒரு பழைய தாவணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படித்தாள். எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும். எந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கும், அது அவளுக்கு வேலையில் தெரிந்த பாடம். பிரபுவின் மகள் ஆகாயக் கப்பலில் காதலனோடு ஓடிப்போனாள். பித்தளைக் குமாஸ்தா ஒருவனுக்குக் கண்ணீர் வந்தது. கடைசி அத்தியாயத்தில் மகாராணியே எந்திரத்தைப் பார்க்க வந்து, இது என்றென்றும் நிற்காது ஓடும் என்று ஆசீர்வதித்தாள். கதை முடிந்தது. கரி அள்ளினவர்களைப் பற்றி அதற்குமேல் ஒரு வரி இல்லை.

"ஒரு வரி இல்லட்டி," என்றாள் சித்ரலேகா. "நானூறு பக்கத்துல. நிறுத்துனா என்ன ஆகும்னு ஒருத்தனுக்குமா தோணல?"

விஜியின் கண்கள் திறந்திருந்தன. வலது கை அள்ளிக்கொண்டிருந்தது. பாவாடை மடியில் மெலிதாகக் கரித்தூள் விழுந்துகொண்டிருந்தது, எங்கிருந்தென்று தெரியாமல்.

மணி மூன்று ஐம்பது.

அப்போது அவளுக்குப் புரிந்தது. ரப்பருக்கு அது மசியவில்லை. கிழித்ததற்கு மசியவில்லை. ஆனால் கையால் எழுதியதை அது மதிக்கிறது. கையெழுத்தைத் தவிர வேறெதையும் அது மதிப்பதில்லை. அந்த எந்திரத்துக்குத் தெரிந்த ஒரே மரியாதை அதுதான். அப்படியானால் எழுத வேண்டும். குறி இல்லை. சங்கத்தில் எழுதுவது போல எழுத வேண்டும்.

பேனாவைத் திறந்தாள். ஐம்பத்தொன்றாம் பக்கத்தின் அடி ஓரத்தில், அச்சுக்கு மேலேயே, பட்டையாக எழுதினாள்.

அறிவிப்பு. இந்தப் புத்தகத்தில் குறி வைத்த எவரும் இன்று மாலை நான்கு மணி முதல் வேலை செய்ய மாட்டார்கள். அனைவரும் வெளியே வந்துவிட வேண்டும். இப்படிக்கு, சித்ரலேகா, செயலாளர்.

பேனாவை மூடும் முன்பே சங்கு கேட்டது.

நேற்றைப் போலத் தொலைவில் இல்லை. வீட்டுக்கு அடியில். தரை ஓடுகள் காலடியில் சுட்டன. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி வெடித்தது. விஜி எழுந்தாள். தாவணி இறுகியது. சித்ரலேகா கட்டில் காலில் தன் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள்.

"விடமாட்டேன். என் தங்கச்சி. ஒனக்கு என்ன வேணுமோ செய்யி. விடமாட்டேன்!"

யாரைப் பார்த்துக் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சங்கு ஏறியது. ஏறியது. பல் கூசியது. காதுக்குள் ரத்தம் இடித்தது. மணிக்கட்டில் தாவணி அறுத்தது.

நின்றது.

நடுவில் அறுந்த மாதிரி நின்றது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் நின்றது. நான்கு நாளாக, இல்லை, பிறந்ததிலிருந்தே தரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்து, ஓடுகிறது என்றே தெரியாமல் பழகிப்போன ஒரு சத்தம். அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை.

விஜியின் கை பொத்தென்று மடியில் விழுந்தது. கண்ணைச் சிமிட்டினாள். அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, பசிக்கு," என்றாள்.

சித்ரலேகா சிரித்தாள். வாய்விட்டு அழுதாள். தங்கையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. பிரபுவையும் மகாராணியையும் பித்தளைக் குமாஸ்தாவையும் தச்சநல்லூரில் ஒரு வாடகை வீட்டிலிருந்து ஒரு பால்பாயின்ட் பேனாவால் ஜெயித்துவிட்டோம். தாவணியை அவிழ்த்தாள். தோசை ஊற்றலாம், மாவு இருக்கிறது, என்று எழுந்தபோது திறந்து கிடந்த புத்தகம் கண்ணில் பட்டது.

ஐம்பதாம் பக்கத்துப் படம். உலை இருந்தது. உலைக்குள் நெருப்பு இல்லை. சுரங்கம் இருந்தது. தரை முழுவதும் சவல்கள் போட்டது போட்டபடி கிடந்தன.

ஆட்கள் இல்லை.

ஒருவரும் இல்லை. கடுகுப் புள்ளிகள் கூட இல்லை. கோமு டீச்சர் இல்லை. வெறும் சுரங்கம்.

வெளியே காற்று நின்றிருந்தது. தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சத்தங்கள் எதுவும் இல்லை. டிவி இல்லை. நாய் இல்லை. ஒரு சத்தம் மட்டும் இருந்தது. செருப்பில்லாத கால்கள். நிறையக் கால்கள். அவசரமில்லாத கால்கள்.

வாசலில் வந்து நின்றன.

"அக்கா, யாரோ வந்திருக்காங்க," என்றாள் விஜி.

போகாதே என்று உடம்பு சொன்னது. சித்ரலேகா கதவைத் திறந்தாள். ஒளிந்துகொண்டு பார்க்க அவளுக்குத் தெரியாது.

நல்ல வெயில். நாலேகால் மணி வெயில், பளீரென்று. அந்த வெயிலில் கோமு டீச்சர் நின்றாள். தலையிலிருந்து கால்வரை கரி. கண்ணாடியில் ஒரு பக்கம் உருகி வழிந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. பின்னால் நடராஜ் சார். அவருக்குப் பின்னால் வேதநாயகத்தின் மருமகன். அவர்களுக்குப் பின்னால் அரைக்கச்சைக்காரர்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய குடுமிகள். காது வளர்த்த பெண்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, இரண்டும் கரி. தெரு நிறைந்து, ரயில்வே கேட் வரை நிறைந்து, கேட்டுக்கு அப்பாலும். யாரும் பேசவில்லை. யாருக்கும் நிழல் விழவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அனைவரும் வெளியே வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். வந்துவிட்டார்கள்.

கோமு டீச்சர் வாயைத் திறந்தாள். உள்ளே நாக்கு இல்லை. தணல் இருந்தது. கனன்று, பொரிந்து, மூச்சுக்கு மூச்சு சிவந்தது.

"வந்துட்டோம்மா," என்றாள். பேச்சோடு புகை வந்தது. "எல்லாரும் வந்துட்டோம். இனி என்ன செய்யணும்? நீதான சொல்லணும்?"

கூட்டம் முழுவதும் வாயைத் திறந்தது. தெரு சிவந்தது.

திருப்பி அனுப்பிவிடலாம். ஒரு வார்த்தை போதும். வேலைக்குப் போங்கள் என்றால் போய்விடுவார்கள், அவர்கள் கண்ணிலேயே அது தெரிந்தது. அந்த வார்த்தைக்காகத்தான் நின்றார்கள். ஆனால் அந்த வார்த்தை எல்லோருக்கும் சேர்த்துத்தான். குறி வைத்த எல்லோருக்கும். கடைசியாகக் குறி வைத்த விஜிக்கும்.

விஜி அவளைத் தாண்டிப் படியிறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. போய்க் கோமு டீச்சருக்குப் பக்கத்தில், தனக்கென்று விட்டிருந்த இடத்தில் நின்றாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"சொல்லு அக்கா."

அவள் வாய்க்குள் சின்னதாக ஒரு பொறி. இப்போதுதான் பற்றியது.

சித்ரலேகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மேற்கே மலை தெரிந்தது. மலையின் உச்சியிலிருந்து எப்போதும் எழும் மேகம் இன்று இல்லை. அது மேகம் இல்லை, எந்திரத்தின் ஆவி என்று இப்போதுதான் தெரிந்தது. மலைக்குள் உட்கார்ந்து யோசிக்கிற ஒன்று, யோசிப்பதை நிறுத்திவிட்டுத் தச்சநல்லூரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பார்வை அவள் நெற்றியில் சுட்டது.

பார்க்கட்டும்.

"ஒருத்தரும் வேலைக்குப் போக வேண்டாம்," என்றாள். குரல் தெருக்கோடி வரை கேட்டது. "யாரு கூப்பிட்டாலும் போக வேண்டாம். அது கெடக்கட்டும். உக்காருங்க. எல்லாரும் அங்கங்கன உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள்.

ஒரே நேரத்தில், ஒரே உடம்பாக, தெரு முழுவதும். தார் உருகும் மணம் எழுந்தது. பந்தல் போட்டிருந்த மல்லிகைக்கொடி இலை சுருண்டு கறுத்தது. அடுத்த வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகச் சாத்திக்கொண்டது. விஜியும் உட்கார்ந்தாள், சம்மணம் போட்டு, கைகளை மடியில் வைத்து.

சித்ரலேகா படியிறங்கினாள். ஒரு படி. இன்னொரு படி. தங்கையின் பக்கத்தில் சூடான தாரில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். தோசைக்கல்லைத் தொட்டது போலிருந்தது. தோல் பொசுங்கியது. வாடை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விடவில்லை.

விஜி சிரித்தாள். பற்களுக்குப் பின்னால் வெளிச்சம். ஆற்றுப்பக்கத் தெருமுனையில் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள், கறுப்பாக, வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, வந்து வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள்.